சூப்பர்மேன் அனுமனிடமிருந்து வந்தவரா?

குடியாத்தம் பக்கத்து அரசுப் பள்ளி ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "காமிக்ஸ் நாயகர்களைப் பற்றிக் கண்காட்சி அட்டைகள் தயாரித்த மாணவர்கள், அனுமனைப் பார்த்தே சூப்பர்மேனைப் படைத்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அப்படியே வைக்கலாமா?"

வைக்க வேண்டாம். 1938இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் சூப்பர்மேனை அறிமுகப்படுத்திய ஜெர்ரி சீகலும் ஜோ ஷுஸ்டரும் கிளீவ்லாந்து நகரத்து யூத இளைஞர்கள். சாம்சன், ஹெர்குலிஸ் போன்ற பலசாலிகளை மனத்தில் வைத்தே அவரைக் கற்பனை செய்ததாகச் சீகலே பின்னர் சொல்லியிருக்கிறார். தொடக்கத்தில் சூப்பர்மேன் பறக்கவும் இல்லை, கட்டடங்களைத் தாண்டிக் குதித்தார், அவ்வளவே. கடல் தாண்டிய அனுமன் நமக்கு நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் ஒற்றுமை வேறு, மூலம் வேறு. புராணத்தோடு நேரான தொடர்புள்ள நாயகர்கள் வேண்டுமென்றால் கிரேக்கக் கதைகளை ஒட்டிப் படைத்த வொண்டர் வுமனையும் (1941), வட ஐரோப்பியத் தெய்வமான தோரையும் (1962) வையுங்கள்.

நம் புராணத்தில் உள்ள பெயர் ஒன்று காமிக்ஸுக்கு வந்து சேர்ந்த இடம் மொழிபெயர்ப்பு. 1962இல் பிரிட்டனின் ‘வேலியன்ட்’ வார இதழில் தொடங்கிய, மின்சாரம் பாய்ந்தால் எஃகுக் கை தவிர உடல் முழுதும் மறைந்துவிடும் மனிதனின் கதை, 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்தபோது அவன் ‘இரும்புக்கை மாயாவி’ ஆனான். மாயாவி என்பது மாயம் செய்பவனைக் குறிக்கும் பொதுச்சொல்; இராமாயணத்தில் வாலி குகைக்குள் துரத்திச் சென்ற அசுரனின் பெயரும் அதுவே. (என் தலைமுறைக்குச் சூப்பர்மேனைவிட இவன்தான் நெருக்கம்.)

இன்னோர் ஒப்பீடு உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இருக்கிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் நடக்கும் பாரதக் கூத்தில், இருவர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் நின்று பாடித் தன்னை அறிவித்த பிறகே வேடம் களத்துக்கு வரும். கிரீடத்தையும் முகத்தில் பூசிய நிறத்தையும் கண்டதும் யாரென்று சிறுவர்களும் சொல்லிவிடுவார்கள். காமிக்ஸ் நாயகனின் மார்புச் சின்னமும் உடையின் நிறமும் செய்வது இதே வேலைதான். சூப்பர்மேன் கிளார்க் கென்ட் என்ற சாதாரண மனிதராக வாழும் மறைவு வாழ்க்கையைப் பாண்டவர்களின் அஞ்ஞாதவாசத்தோடு ஒப்பிடலாம் என்றாலும், பாண்டவர்களுக்கு ஓராண்டுக் கெடு இருந்தது, இவருக்குக் கெடுவே இல்லை. அடுத்த மாத இதழும் விற்றாக வேண்டுமே! 1992இல் சூப்பர்மேனைச் சாகடித்த நிறுவனமே அடுத்த ஆண்டில் மீட்டும் கொண்டுவந்தது. மண்ணில் செய்து கிடத்திய துரியோதனனோ, அவன் சாவை நடித்துக் காட்டும் படுகளச் சடங்கன்று வீழ்ந்தால் வீழ்ந்ததுதான்.

ஆகவே அந்த அட்டையைக் கிழிக்காமல், எழுதிய மாணவரைத் திரௌபதி அம்மன் கோயிலின் அக்னி வசந்த விழாவில் படுகளம் பார்த்துவரச் சொல்லி, இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வரைய வையுங்கள்.