கிராஸ் போடலாமா, கூடாதா? நாய் வளர்ப்போரின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சார், லேப்ரடூடில் குட்டி ஒன்று பார்த்திருக்கிறோம். முடி கொட்டாது, அலர்ஜியே வராது என்று விற்பவர் உறுதியாகச் சொல்கிறார். மகனுக்கு வீசிங் உண்டு. நம்பி வாங்கலாமா?

பதில்: நம்ப வேண்டாம். இந்தக் கலப்பு புகழ்பெற்ற கதையே அதற்குச் சாட்சி. 1989இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்றோருக்கான வழிகாட்டி நாய்களை உருவாக்கி வந்த வாலி கான்ரன், ஸ்டாண்டர்டு பூடிலையும் லேப்ரடாரையும் சேர்த்தார். ஹவாயில் இருந்த பார்வையற்ற பெண் ஒருவருக்கு நாய் தேவைப்பட்டது. அவருடைய கணவருக்கோ நாய் ஒத்துக்கொள்ளாது. பிறந்த மூன்று குட்டிகளின் முடியையும் எச்சிலையும் ஹவாய்க்கு அனுப்பிப் பார்த்ததில், ஒரு குட்டிதான் அவருக்கு ஒத்துக்கொண்டது. அப்பாவும் அம்மாவும் ஒன்று, ஈத்தும் ஒன்று, ஆனாலும் மூன்றில் ஒன்றுதான்.

அலர்ஜியைக் கிளப்புவது முடி இல்லை. எச்சிலிலும் தோல் பொடுகிலும் இருக்கும் புரதம். முடி அதைச் சுமந்து வருகிறது, அவ்வளவுதான். முதலில் மகனின் மருத்துவரைக் கேளுங்கள். அவர் சரியென்றால், வாங்கப்போகும் அதே குட்டியோடு மகனை மூன்று நான்கு தடவை, ஒவ்வொரு தடவையும் ஒரு மணி நேரம் உட்கார வைத்துப் பாருங்கள்.

முடி கொட்டாது என்பதும் அரைகுறை உண்மை. பூடிலின் தாடி மீசை முடிக்கான மரபணு ஓங்கு தன்மை உள்ளது, அதாவது ஒரு பிரதி வந்தாலே வெளிப்படும். அதனால் முதல் தலைமுறைக் குட்டிகள் எல்லாமே சடையாக இருக்கும். அந்த முதல் தலைமுறை நாய்களையே ஒன்றோடொன்று சேர்த்தால், சராசரியாக நான்கில் ஒரு குட்டி அந்த மரபணு இல்லாமல், லேப் போலவே வழவழப்பாகப் பிறந்து முடி கொட்டும். கொட்டாத குட்டிக்கு வேறு வேலை இருக்கிறது: தோல் தெரியும்வரை சீவ வேண்டும். மேலாக மட்டும் சீவினால் அக்குளிலும் காதுக்குப் பின்னாலும் அடிமுடி கம்பளம் மாதிரி சிக்கிவிடும். சென்னைப் புழுக்கத்தில் அதற்கடியில் ஈரம் தேங்கிப் புண் வைக்கும். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒரு முறை முடி வெட்டும் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கலப்பு நாய்க்கு நோயே வராது என்கிறார்களே அண்ணா?

பதில்: சில நோய் குறையும், எல்லாம் குறையாது. 2013இல் வெளியான கலிஃபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வு 24 மரபு நோய்களை எடுத்துப் பார்த்தது. 10 நோய்கள் தூய இனங்களில் அதிகம், 13இல் வேறுபாடில்லை, முழங்கால் தசைநார் அறுவது மட்டும் கலப்பு நாய்களில் அதிகம். 2024இல் பிரிட்டனின் ராயல் வெட்டர்னரி கல்லூரி காக்கபூ, லேப்ரடூடில், கேவபூ என்னும் மூன்று பூடில் கலப்புகளையும் அவற்றின் மூல இனங்களோடு ஒப்பிட்டது. 57 நோய்கள் தொடர்பான அந்த ஒப்பீடுகளில் 86.6 சதவீதத்தில் வேறுபாடே இல்லை.

காரணம் எளிது. ஒடுங்கு மரபணு நோய் வர, அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான பிரதி வர வேண்டும். ஒரு இனத்தில் மட்டும் உள்ள பழுது கலப்பில் மறைந்துவிடும். ஆனால் விழித்திரை மெல்ல அழியும் பிஆர்ஏ நோயின் ஒரே வகை லேப்ரடாரிலும் உண்டு, பூடிலிலும் உண்டு. இரண்டு பக்கமும் அதைச் சுமக்கும் நாயாக இருந்தால், குட்டிக்குக் கண் போக கால்பங்கு வாய்ப்பு. கன்னத்தின் உட்பக்கம் பஞ்சால் ஒற்றி எடுத்துச் செய்யும் டிஎன்ஏ பரிசோதனை முன்பே சொல்லிவிடும். இடுப்பு மூட்டுக் கோளாறு பல மரபணுக்கள் சேர்ந்து வருவது. அதற்கு எக்ஸ்ரேதான் வழி. இரண்டையும் காட்டாதவரிடம் குட்டி வாங்காதீர்கள், தூய இனமானாலும் கலப்பானாலும்.

கேள்வி: என்னிடம் ராஜபாளையம் பெட்டை இருக்கிறது. பக்கத்தில் நல்ல ஆண் நாய் இல்லை. டால்மேஷன் போடலாமா? இல்லை, உயரத்துக்காக கிரேட் டேன்?

பதில்: தயவுசெய்து இரண்டும் வேண்டாம்.

உட்காதில் நிறமி செல்கள் இல்லாவிட்டால், பிறந்த சில வாரங்களில் கேட்கும் திறன் அழிந்துபோகும். வெள்ளைத் தோலையும் ரோஸ் மூக்கையும் தரும் மரபே அந்தச் செல்களையும் குறைக்கிறது. ராஜபாளையத்தில் செவிட்டுக் குட்டி பிறப்பதற்கு அதுதான் காரணம். டால்மேஷனிலும் இதே சிக்கல். அமெரிக்கக் கணக்கில் ஏறத்தாழ 30 சதவீதத்துக்கு ஒரு காதோ இரண்டு காதுமோ கேட்பதில்லை. பழுதுள்ள இடத்திலேயே பழுதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறீர்கள். கிரேட் டேன் உயரத்தோடு எடையையும் கொண்டுவரும், வயிறு ஊதி முறுக்கிக்கொள்ளும் ஆபத்தையும் கொண்டுவரும்.

இன்னொன்று. ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் தேசிய விலங்கு மரபு வள அமைப்பில் பதிவான இனங்கள். நல்ல பெட்டைகள் குறைவு. கலப்பில் பிறந்ததை அடுத்த ஈத்தில் மறுபடி ராஜபாளையத்தோடு சேர்த்தால் வெள்ளைக் குட்டி வரும். அது அசல் என்று விலைபோகும். அங்கிருந்து வம்சம் கெடுவதை யாராலும் தடுக்க முடியாது. ஆண் நாய் தூரத்தில் இருந்தால் பெட்டையைக் கூட்டிப்போங்கள். இரண்டு பருவம் காத்திருந்தாலும் குற்றமில்லை.

குட்டிகளின் காதை ஐந்து வாரத்துக்குப் பிறகு சோதியுங்கள். ஒவ்வொன்றையும் தனியாகத் தூங்கவிட்டு, பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். தரையைத் தட்டக்கூடாது, காற்றும் படக்கூடாது. செவிட்டுக் குட்டியும் அதிர்வை உணர்ந்தே எழுந்துவிடும். ஒரு காது மட்டும் செவிடு என்றால் இதில் தெரியாது; அதற்கு பேயர் என்னும் செவிநரம்புப் பரிசோதனை வேண்டும்.

கேள்வி: அப்படியானால் கலப்பே தப்பா?

பதில்: இல்லை. அதே டால்மேஷனைப் பாருங்கள். அந்த இனம் முழுவதிலும் யூரிக் அமிலத்தைக் கையாளும் மரபணு பழுதாகி, சிறுநீர்ப்பையில் கல் உண்டாகலாம். தூய டால்மேஷனில் நல்ல பிரதியே கிடையாது என்பதால், இனத்துக்குள் எத்தனை தேர்ந்தெடுத்தாலும் பயனில்லை. 1973இல் மரபியலாளர் ராபர்ட் ஷெய்பிள் பாயின்டர் இன நாய் ஒன்றை மட்டும் சேர்த்தார். பிறகு தலைமுறை தலைமுறையாக டால்மேஷனோடு மட்டுமே சேர்த்து, நல்ல மரபணு உள்ள குட்டிகளைப் பொறுக்கி எடுத்தார். 2011இல் நாய் இனங்களைப் பதிவு செய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த வம்சத்தை ஏற்றுக்கொண்டது. இன்ன குறைக்கு இன்ன இனம் என்று தெரிந்து, பதிவேடு வைத்து, பல தலைமுறை பொறுத்துச் செய்தார்கள். அப்படிச் செய்யும் கலப்பை நான் கைதட்டி வரவேற்பேன். புதுப் பெயர் வைத்து முதல் தலைமுறையை விற்பதோடு கைகழுவுவது வேறு வேலை.

கேள்வி: எங்கள் பொமரேனியனைத் தெருவில் இருந்த லேப் ஆண் நாய் சேர்ந்துவிட்டது. அவசரம்!

பதில்: பூட்டிக்கொண்டிருந்தால் இழுத்துப் பிரிக்காதீர்கள், இரண்டுக்கும் காயமாகும்; தானாகவே விட்டுவிடும். கருக்கலைப்பு ஊசியை மருத்துவர் அல்லாதவரிடம் போடாதீர்கள். பழைய ஈஸ்ட்ரோஜன் ஊசியால் கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும், எலும்பு மஜ்ஜையும் கெடும். இந்த வாரமே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். 25 முதல் 30 நாளில் ஸ்கேனில் சினை தெரியும். மேற்கொண்டு ஈத்து வேண்டாம் என்றால் சினையைக் கர்ப்பப்பையோடு எடுத்துவிடுவதே பாதுகாப்பு. நாள் கடந்துவிட்டால் 55ஆம் நாள் எக்ஸ்ரே எடுத்துக் குட்டித் தலையையும் தாயின் இடுப்பெலும்பையும் அளக்கச் சொல்லுங்கள். பலமாக முக்கி அரைமணி ஆகியும் குட்டி வராவிட்டாலோ, முதல் குட்டிக்கு முன்பே பச்சை நீர் கசிந்தாலோ, அறுவை சிகிச்சைக்கு உடனே கிளம்புங்கள்.

கேள்வி: சட்டம் என்ன சொல்கிறது?

பதில்: நாய் இனப்பெருக்கம், விற்பனை பற்றிய 2017ஆம் ஆண்டு விதிகள் கலப்புக்கும் பொருந்தும். மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு வேண்டும். பெட்டைக்கு 18 மாதம் நிரம்பியிருக்க வேண்டும். ஆயுளில் ஐந்து ஈத்துக்கு மேல் கூடாது. எட்டு வாரத்துக்கு முன் குட்டியை விற்கக்கூடாது.

கேள்வி: எங்கள் நாய் என்ன கலப்பு என்றே தெரியாது. தெரிந்து என்ன ஆகப்போகிறது?

பதில்: மருந்தில் தெரியும். கோலி என்னும் இனம் கலந்திருந்தால், எம்டிஆர்1 மரபணுப் பழுதால் ஐவர்மெக்டின் என்னும் ஒட்டுண்ணி மருந்து மூளைக்குள் போய்விடலாம். இதயப்புழுவுக்கான சிறு அளவு தாங்கும்; சொறிக்குப் போடும் பெரிய அளவில் தள்ளாட்டம், எச்சில் ஒழுகல், கோமா வரை போகும். கிரேஹவுண்ட் கலந்த வேட்டை நாய்க்குத் தயோபென்டோன் என்னும் மயக்க மருந்து தந்த மயக்கம் நெடுநேரம் தெளியாமல் போகலாம். சந்தேகம் இருந்தால் மருத்துவச் சீட்டின் மேலேயே "கோலி அல்லது கிரேஹவுண்ட் கலப்பாக இருக்கலாம்" என்று எழுதச் சொல்லுங்கள். ஊசி போடும் முன் அதைக் காட்டுங்கள்.