பல வருடம் கழித்துத் திரும்ப வந்த குற்றத் தொடர்களில், எதன் கடைசி எபிசோட் உங்களை மிகவும் பாதித்தது?

ட்வின் பீக்ஸ். 2017 செப்டம்பர் 3 அன்று ஷோடைம் என்ற அமெரிக்க சேனலில் வந்த 18ஆம் பாகம். முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

முன்கதை சுருக்கமாக: வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு சிற்றூர். லாரா பால்மர் என்ற பள்ளி மாணவியின் உடல் பிளாஸ்டிக் சுற்றிய நிலையில் கரை ஒதுங்குகிறது. விசாரிக்க வருபவர் எஃப்பிஐ அதிகாரி கூப்பர். 1990இல் தொடங்கிய தொடரை அடுத்த வருடமே நிறுத்திவிட்டார்கள். 2017இல் அதை உருவாக்கிய டேவிட் லிஞ்சும் மார்க் ஃப்ராஸ்டும் சேர்ந்து 18 பாகங்களாகத் திரும்பக் கொண்டுவந்தார்கள்.

17ஆம் பாகத்தில் கூப்பர் காலத்தில் பின்னோக்கி, கொலை நடந்த இரவுக்கே போய் லாராவைக் கைப்பிடித்துக் காட்டு வழியே கூட்டிப் போகிறார். கரையில் கிடந்த உடல் மறைந்துபோகிறது. அவளும் பாதி வழியில் அவர் கையிலிருந்து காணாமல் போகிறாள்.

அப்புறம்தான் 18. டெக்சாஸில் ஒடெசா என்ற ஊரில் லாராவின் அதே முகத்தோடு ஒரு பெண். பெயர் கேரி பேஜ். லாரா யாரென்றே அவளுக்குத் தெரியாது. அவள் வீட்டு ஹாலில் தலையில் குண்டு பாய்ந்து ஒருவன் உட்கார்ந்தபடியே செத்திருக்கிறான். கூப்பர் அதைப் பார்க்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. என்னைக் கலங்கடித்தது இந்த இடம்தான். ஒரு பெண்ணின் சாவுக்காக ஊரையே துருவிய மனிதர், இன்னொரு பிணத்தைத் தாண்டிப் போகிறார். கேரிதான் லாரா என்று நம்புகிறார். அவளை வீடு சேர்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் அவர் மனதில்.

பிறகு நீண்ட இரவுப் பயணம். காரில் பேச்சே கிட்டத்தட்ட இல்லை. பால்மர் வீட்டுக் கதவைத் தட்டினால் வேறு யாரோ திறக்கிறார். பால்மர் என்று யாரையும் அவருக்குத் தெரியாது. (கதவைத் திறப்பவர், படப்பிடிப்பு நடந்த அந்த வீட்டின் நிஜ உரிமையாளர். அந்தக் காட்சி அவ்வளவு சாதாரணமாக, அதனாலேயே பயமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.)

இருவரும் தெருவுக்கு வந்து நிற்கிறார்கள். இது எந்த வருடம் என்று கூப்பர் கேட்கிறார். வீட்டுப் பக்கமிருந்து 'லாரா' என்று அவள் அம்மாவின் குரல் மெல்லக் கேட்கிறது. கேரி அலறுகிறாள். வீட்டு விளக்குகள் அணைகின்றன. முடிந்தது.

இதெல்லாம் ஒரு முடிவா என்று என் நண்பர்கள் கோபப்பட்டார்கள். எனக்கு இதைவிட நேர்மையான முடிவு தோன்றவில்லை. அந்த வீட்டுக்குள் சொந்த அப்பாவால் சிதைக்கப்பட்ட பெண் அவள். கொலை நடக்காமல் தடுத்துவிடலாம், பெயரையும் ஊரையும் மாற்றிவிடலாம். அந்தக் குரலைக் கேட்டதும் உடம்பு நினைவுபடுத்திக்கொள்கிறது. அவளை வீடு சேர்ப்பதுதான் காப்பாற்றுவது என்று கூப்பர் நம்பினார். அவள் தப்பிக்க வேண்டியிருந்ததே அந்த வீட்டிலிருந்துதான்.