புவிவெப்ப மின்சாரத் துறைக்குச் செல்ல விரும்பும் மகள்: ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பிளஸ் டூ முடித்த தங்கள் மகள் புவிவெப்ப மின்சாரத் துறைக்குத்தான் செல்வேன் என்று உறுதியாக நிற்பதாகவும், அதை நம்பிப் படித்தால் வேலை கிடைக்குமா என்று தாங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஐஸ்லாந்தின் மின்சாரத்தில் கால் பங்குக்கும் மேலாகவும், கென்யாவில் ஏறத்தாழப் பாதியும் பூமிக்கடியிலுள்ள வெப்பத்திலிருந்து கிடைக்கின்றன. நம் நாட்டிலோ, லடாக்கின் பூகா பள்ளத்தாக்கில் ஒரு மெகாவாட் மாதிரி நிலையம் அமைக்க அரசு எண்ணெய் நிறுவனமான ஓ.என்.ஜி.சி. 2021-இல் ஒப்பந்தம் செய்தது; துறை இன்னும் தொடக்க நிலையில்தான் இருக்கிறது. எனவே இந்தப் பெயரை மட்டும் தாங்கிய பட்டம் இப்போதைக்கு வேண்டாம்.

ஆழத்திலுள்ள வெந்நீரையும் நீராவியையும் மேலே கொண்டுவந்து டர்பைன் என்ற சுழலியை ஓட்டுவதே இத்தொழில் என்பதால், இதன் செலவும் இடரும் பெரும்பாலும் துளையிடுவதில்தான் உள்ளன. ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஆழத்துக்குத் துளையிட்ட பிறகு, பாறையில் சூடு இருந்தும் நீரோட்டம் இல்லாவிட்டால் அந்தக் கிணற்றைக் கைவிட வேண்டியதுதான். எங்கே துளையிடுவது என்பதைச் சொல்பவர் ஜியாலஜி (நிலவியல்), ஜியோபிசிக்ஸ் (புவி இயற்பியல்) படித்தவர். துளையிடுபவர் பெட்ரோலியப் பொறியாளர். மேலே வரும் வெந்நீரில் கரைந்துள்ள சிலிக்கா, சூடு குறையக் குறைய, வெந்நீர்ப் பாத்திரத்தில் உப்புப் படிவதைப் போலக் குழாயின் உட்சுவரில் படிந்து அடைத்துக்கொள்ளும். அதைத் தடுப்பது வேதியியல் படித்தவரின் வேலை. டர்பைன் பகுதிக்கு மெக்கானிக்கல் பொறியாளரே போதும். நீராவி நெய்வேலி நிலக்கரியில் பிறந்ததா, பூகா பாறையில் பிறந்ததா என்று டர்பைன் கேட்பதில்லை.

தங்கள் மகளுக்கு என் முதல் பரிந்துரை பி.எஸ்சி. ஜியாலஜி. சென்னை மாநிலக் கல்லூரியிலும் தூத்துக்குடி வ.உ.சி. கல்லூரியிலும் இப்படிப்பு உண்டு. பின்னர் ஐ.ஐ.டி. முதுநிலைச் சேர்க்கைக்கான ஜாம் (JAM) நுழைவுத்தேர்வு எழுதி அங்கே எம்.எஸ்சி. முடித்தால், யு.பி.எஸ்.சி. நடத்தும் புவி அறிவியலாளர் தேர்வு வழியாக இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்துக்குச் செல்லலாம். புவிவெப்பம் கைகொடுக்காவிட்டாலும் நிலத்தடி நீர், கனிமம், எண்ணெய் ஆகிய துறைகள் திறந்தே இருக்கும். புதுப்பிக்கத்தக்க ஆற்றல் என்ற கவர்ச்சியான பெயரில் நடக்கும் பொறியியல் படிப்புகளில் பெரும்பகுதி சூரிய ஒளியும் காற்றாலையுமாகவே இருக்கக்கூடும் என்பதால், கட்டணம் செலுத்துமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் படியுங்கள்.

களப்பணியைப் பற்றியும் அவரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். பூகா நாலாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தில் இருக்கிறது. துளையிடும் ரிக்கில் இரவு ஷிப்டும் உண்டு. அதற்கும் அவர் சம்மதித்தால், கலை அறிவியல் கல்லூரிச் சேர்க்கைக்கும் பொறியியல் கலந்தாய்வுக்கும் இப்போதே விண்ணப்பித்து வையுங்கள். பொறியியலில் மெக்கானிக்கலையோ பெட்ரோலியத்தையோ முதல் விருப்பமாகக் குறிக்கலாம்.