பெயர் எழுதாத இரண்டு சவப்பெட்டிகள்

கேள்வி: எகிப்தில் அரசன் இறந்தால் மனைவி, மக்கள், வேலைக்காரர்கள் அனைவரையும் உயிரோடு பிரமிடுக்குள் தள்ளி மூடிவிடுவார்களாமே? துட்டன்காமன் கல்லறையில்கூடக் குழந்தைகளின் உடல்கள் கிடைத்தனவாம். இப்படிப்பட்ட கொடியவர்களை ஏன் கொண்டாடுகிறோம்?

பதில்: உங்களுக்கு யாரோ பாதிக் கதையைச் சொல்லியிருக்கிறார்கள். அந்தக் குழந்தைகளின் கதையைப் பாதியில் நிறுத்துவதுதான் எனக்குக் கோபத்தைத் தருகிறது.

ஊழியர்களைப் பற்றிய பழியில் ஓரளவு உண்மை உண்டு. முதல் அரச மரபின் காலத்தில், அதாவது கி.மு. 3000-ஐ ஒட்டி, அபிடோஸ் என்ற ஊரில் ஜெர் என்ற அரசனின் கல்லறையைச் சுற்றி முந்நூறுக்கும் மேற்பட்ட சிறு புதைகுழிகள் வெட்டப்பட்டன. அவற்றில் கிடந்தவர்களில் பலர் அரசனுக்காகக் கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த மரபோடு அந்த வழக்கமும் ஒழிந்தது. கூஃபு தன் பெரிய பிரமிடைக் கட்டியபோது அது முந்நூறு ஆண்டுப் பழங்கதை. பிற்காலத்தில் மறுமையில் வேலை செய்ய ஆட்களுக்குப் பதிலாக ‘உஷப்தி’ என்ற சிறு பொம்மைகளை வைத்தார்கள். துட்டன்காமனுக்கு வைத்தவை 413.

மனைவி, மக்கள் கதை வேறு. கூஃபுவின் பிரமிடுக்கு அருகிலேயே அரசிகளுக்கென மூன்று சிறு பிரமிடுகள் நிற்கின்றன. இரண்டாம் ராம்சேஸின் பட்டத்தரசி நெஃபர்தாரி கணவனுக்கு முன்பே இறந்தாள். அதன் பிறகு அவன் நாற்பது ஆண்டுகள் போல ஆண்டான். அவளுக்கென அரசியர் பள்ளத்தாக்கில் அவன் குடைவித்த கல்லறையின் ஓவியங்களைப் படத்தில் பார்த்தாலே மூச்சு நின்றுவிடும். தன் பிள்ளைகளில் பலரையும் அவனே புதைத்தான். அரசர் பள்ளத்தாக்கில் அவர்களுக்கென வெட்டிய கல்லறையில் நூற்றுக்கும் மேற்பட்ட அறைகள் இருப்பது 1995-க்குப் பிறகுதான் உலகுக்குத் தெரிந்தது. அவனுக்குப் பின் அரியணை ஏறிய மெர்னெப்தா பதின்மூன்றாவது மகன். மூத்தவர்கள் அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

இனி அந்தக் குழந்தைகள். 1922-இல் ஹோவார்ட் கார்ட்டர் கண்டுபிடித்த துட்டன்காமன் கல்லறை பிரமிடு அல்ல, பாறையில் குடைந்தது. அதன் கருவூல அறையில் ஓர் எளிய மரப்பெட்டி இருந்தது. அதற்குள் இரண்டு சிறு சவப்பெட்டிகள், ஒன்றின் தலைப்பக்கம் மற்றொன்றின் கால்பக்கமாக. இரண்டிலும் பெண் சிசுக்கள். ஒன்று ஐந்து மாதத்துக் கரு, மற்றது ஏழு மாதமோ அதற்கு மேலோ. யாரும் அவர்களைக் கொல்லவில்லை. உயிரோடு பிறக்கவே இல்லை. 2010-இல் வெளியான மரபணு ஆய்வு, அவர்கள் துட்டன்காமனின் மகள்களாக இருக்கக்கூடும் என்று காட்டியது. பத்தொன்பது வயதை ஒட்டி இறந்துபோன அந்த அரசனுக்கு, நமக்குத் தெரிந்து, வேறு பிள்ளைகள் இல்லை.

இவர்களையா பலி என்கிறோம்? பெயர்கூட வைக்கப்படாத பிள்ளைகள் அவர்கள். சவப்பெட்டிகளில் எழுதியிருப்பது ‘ஒசிரிஸ்’ என்பது மட்டுமே. அது இறந்தவர்கள் அனைவருக்கும் பொதுவாக வழங்கிய அடைமொழி. ஆயினும் அந்தச் சிற்றுடல்களைப் பெரியவர்களுக்குப் போலவே துணி சுற்றி, உள்ளே தங்கத் தகடு போர்த்திய பெட்டி, அதற்கு வெளியே இன்னொரு பெட்டி என்று வைத்திருந்தார்கள். மனித உருவில் செய்த அந்தச் சவப்பெட்டிகளில் பெரியது மரப்பெட்டிக்குள் அடங்கவில்லை. மரப்பெட்டியின் மூடி பொருந்துவதற்காகச் சவப்பெட்டியின் கால்விரல் பகுதியை யாரோ செதுக்கி எடுத்திருக்கிறார்கள். அந்த வெட்டுத் தழும்பு மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அப்படியே இருந்தது.