மௌனப் படமும் ஆறு மா நஞ்சையும்

கேள்வி: தஞ்சாவூரில் ஒரு திரையிடலில் ‘தி விண்ட்’ என்ற பழைய மௌனப் படம் பார்த்தேன். போக்கிடம் இல்லாத பெண் வேறு வழியின்றி ஒருவனைக் கட்டிக்கொள்கிறாள்; கடைசியில் அவன்மேலேயே காதல் வந்துவிடுகிறது. எங்கள் வீட்டில், தாய் தகப்பன் இல்லாத என் அண்ணன் மகளை அவள் தாய்மாமனுக்கே முடித்துவிடலாம் என்று பேச்சு. அவளுக்கும் அண்ணன் விட்டுப்போன ஆறு மா நஞ்சைக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டாமா? காதலெல்லாம் அப்புறம் தானாக வந்துவிடாதா?
– ஒரு வாசகி, திருவாரூர்

பதில்: படம் பார்த்தீர்கள், சரி. நடுவில் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டீர்களோ?

1928-ல் வந்த படம். லில்லியன் கிஷ் நாயகி. வர்ஜீனியாவிலிருந்து டெக்சாஸுக்கு, உறவுக்காரன் வீட்டை நம்பி வருகிறாள் லெட்டி. அவன் மனைவிக்கு இவளைக் கண்டாலே ஆகவில்லை. வெளியே போ என்கிறாள். ரயிலில் இனிக்க இனிக்கப் பேசியவனுக்கோ ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிறாள். மிச்சம் இருப்பவன் லைஜ் என்கிற முரட்டு ஆள். கட்டிக்கொள்கிறாள்.

அந்த முதலிரவைக் கவனித்தீர்களா? அவன் காபி கொடுக்கிறான். அவன் பார்க்காத நேரம் அதைக் கொட்டிவிடுகிறாள். கதவுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் நிலைகொள்ளாமல் நடக்கும் கால்களைத்தான் கேமரா காட்டுகிறது. அந்தக் காலத்தில் நம் கொட்டகைகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்ல ஓர் ஆள் இருப்பார். அவருக்கும் அங்கே வேலை இருந்திருக்காது. அவன் அத்துமீறி முத்தமிடுகிறான், அவள் வெறுப்பைக் கொட்டுகிறாள். அதற்கப்புறம் அவன் சொல்வதுதான் விஷயமே: இனி உன்னைத் தொடமாட்டேன், பணம் சேர்த்து உன்னை ஊருக்கே அனுப்பிவைக்கிறேன் என்கிறான். அந்தப் பணத்துக்காகத்தான் காட்டுக்குதிரை பிடிக்கப் போகிறான்.

பாதுகாப்பு என்கிறீர்களே, அந்த ரயில்காரன் வீடு புகுந்து அவளைச் சீரழிக்கும்போது புருஷன் வீட்டிலேயே இல்லை. துப்பாக்கியை எடுத்து அவனைச் சுட்டது அவள். திரும்பி வந்த புருஷன் செய்த ஒரே நல்ல காரியம், அவள் சொன்னதை நம்பியது. அவள் ‘நான் போகவில்லை’ என்பது அதற்குப் பிறகு. போகலாம் என்று ஆன பிறகுதான் அவள் இருக்கிறாள். அது தானாக வந்த காதலா?

இன்னொன்று. இதற்கு மூலம் டோரதி ஸ்கார்பரோ 1925-ல் எழுதிய நாவல். அதில் அதே பெண், அதே கல்யாணம். முடிவில் புத்தி பேதலித்துப் புயலுக்குள் ஓடிவிடுகிறாள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்த முடிவுக்கு உத்தரவாதம் தருகிறார்களாம்?

உங்கள் கடிதத்தில் ஆறு மா இருக்கிறது, தாய்மாமன் இருக்கிறார். அந்தப் பெண் என்ன சொன்னாள் என்று ஒரு வரி இல்லை. முதலில் பட்டாவை அவள் பெயருக்கு மாற்றி அவள் கையில் கொடுங்கள். அப்புறமும் மாமன் பெண் கேட்டு வருகிறாரா என்று பார்த்து எழுதுங்கள்.