யில்மாஸ் குனே: கேட்டதும் சொன்னதும்

துருக்கி இயக்குநர் யில்மாஸ் குனே ஜெயிலில் இருந்துகொண்டே படம் எடுத்தார் என்கிறார்களே, நிஜமாகவா அண்ணா?

நிஜம்தான் தம்பி. ‘யோல்’ படப்பிடிப்பு நடந்த இடத்தில் குனே இல்லவே இல்லை. அவர் உள்ளே உட்கார்ந்து எழுதிக் கொடுத்ததை வெளியே ஷெரீஃப் கோரென் என்ற இயக்குநர் படமாக்கினார். விடுப்பில் ஊருக்குப் போகும் ஐந்து கைதிகளின் கதை அது. 1981-ல் குனேயும் அப்படியொரு விடுப்பில் வெளியே வந்து, திரும்பிப் போகாமல் நாட்டை விட்டே தப்பினார். வெளிநாட்டில் எடிட்டிங்கை முடித்து, 1982-ல் கான் திரைப்பட விழாவின் உயரிய விருதான தங்கப்பனையை வாங்கினார். இயக்குநர் கோஸ்டா காவ்ராஸுடன் பகிர்ந்துகொண்ட விருது அது.

அரசியல் கைதிதானே?

பாதிதான் சரி. 1972-ல் தலைமறைவு மாணவர்களுக்கு இடம் கொடுத்ததற்காக உள்ளே போனார். 1974-ல் வெளியே வந்த அதே வருடம் ஒரு நீதிபதி சுடப்பட்டு இறந்தார்; அவரைச் சுட்டதாகப் பிறகு குனேவுக்குத் தண்டனை. அவரை எவ்வளவு பிடித்தாலும் இதை மறைத்துப் பேசக்கூடாது.

மசாலா ஹீரோவாக இருந்தவராமே?

ஆமாம், ‘அவலட்சண ராஜா’ என்பதுதான் ரசிகர்கள் வைத்த பட்டம். 1970-ல் ‘உமுத்’ எடுத்தபோது அந்த ஹீரோவைத் தூக்கிப் போட்டுவிட்டு, குதிரையைக் கார் அடித்துக் கொன்றுவிட்டதால் புதையல் தேடிப் போகும் வண்டிக்காரனாக நடித்தார். கடைசியில் கண்ணைக் கட்டிக்கொண்டு, தோண்டிய குழியைச் சுற்றிச் சுற்றி வருவான் பாருங்கள், அந்த வெயிலும் புழுதியும் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

சார், அவருடைய பாணி என்ன? ஒரு காட்சி சொல்லுங்களேன்.

‘யோல்’ பனிக்காட்சி. அந்தக் கைதிகளில் ஒருவன், குடும்ப மானத்துக்காக மனைவியைக் கொல்ல வேண்டிய நிலையில், தன் கையால் கொல்ல மனம் வராமல், பனியே கொல்லட்டும் என்று நடத்திக் கூட்டிப் போகிறான். அவள் விழுந்ததும் மனம் மாறி, தூங்கினால் செத்துவிடுவாள் என்று பெல்ட்டால் அடித்து எழுப்பப் பார்க்கிறான், முதுகில் சுமக்கிறான். அடிப்பதும் காப்பாற்றுவதும் ஒரே கை. வசனத்தில் நியாயம் பேசாமல் குளிரையும் மூச்சிரைப்பையும் மட்டும் காட்டுவார், குனே என்றால் எனக்கு அதுதான்.

பிரான்சுக்குப் போன பிறகு?

ஒரே படம், ‘துவார்’, 1983. சிறுவர் சிறையைப் பற்றியது. ஒரு பழைய மடாலயத்தைத் துருக்கிச் சிறையாக மாற்றி எடுத்தார். கோபம் அப்படியே இருக்கிறது, ஆனால் ‘யோல்’ படத்தில் வந்த மலையும் ரயிலும் ஊரும் இல்லாததால் எனக்கு அது ஒரு படி கீழேதான். அடுத்த வருடமே வயிற்றுப் புற்றுநோயில் பாரிஸில் இறந்தார், வயது 47. ‘யோல்’ துருக்கித் திரையரங்குக்கு வந்தது 1999-ல்தான்.