வாசகர் கேள்விகள்: யாக்குத் காவியமும் புரியாத் காவியமும்

கேள்வி: சைபீரியாவில் வாழும் யாக்குத் மக்களின் காவியமான ஒலோங்கோவையும் புரியாத் மக்களின் காவியமான உலிகேரையும் மொழிபெயர்ப்பில் படித்தேன். வீரனுக்கும் நிலத்துக்கும் அடைமொழிகள் ஒரே மாதிரி வருகின்றன. இரண்டும் ஒரே கதையிலிருந்து பிரிந்தவையா? (வாசகி, அங் மோ கியோ)

பதில்: அந்த முடிவுக்கு அவசரப்பட வேண்டாம். யாக்குத் துருக்கியக் குடும்பத்து மொழி; புரியாத் மங்கோலியக் குடும்பத்தது. ஆனால் யாக்குத் மொழியில் மங்கோலியக் கடன்சொற்கள் ஏராளம். ஆகவே ஒரு சொல் இரண்டிலும் வந்தால், அதே சொல் பிற துருக்கியக் குடும்பத்து மொழிகளான கசாக்கிலோ துருக்கி மொழியிலோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். துவா மொழியும் துருக்கியக் குடும்பம்தான், ஆனால் அதைச் சாட்சிக்குக் கூப்பிடாதீர்கள்; அதிலும் மங்கோலியக் கடன் அதிகம்.

கறுப்பைக் குறிக்கும் 'கரா' இரண்டு காவியங்களிலும் உண்டு, துருக்கியிலும் உண்டு. அதை வைத்து எதையும் நிறுவ முடியாது. நிலத்துக்கு யாக்குத்தில் 'தொய்து', புரியாத்தில் 'தைதா'. துருக்கியில் இதற்கு இணை இல்லை, எனவே கடன். குறி தவறாத வில்லாளி யாக்குத்தில் 'பெர்கென்', புரியாத்தில் 'மெர்கென்'. வீரன் 'போதூர்', 'பாதர்'. வீரர் பெயர்களோடு ஒட்டிவரும் பட்டங்கள் இவை.

ஒலோங்கோவில் அடிக்கடி வரும் தொடர் ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் விஷயம் தெளிவாகும்: 'எட்டு விளிம்புடைய, பூசல் நிறைந்த ஆதித் தாய் நிலம்'. எட்டுக்கான 'அகிஸ்', விளிம்புக்கான 'சகா' இரண்டும் துருக்கிய வேர்கள். பூசலுக்கான 'அதான்', நிலத்துக்கான 'தொய்து' இரண்டும் மங்கோலியம். கடன்சொல் ஏன் இங்கே உட்கார்ந்தது? அகிஸ், அதான், ஆதியைக் குறிக்கும் 'ஆன்' என எல்லாம் அகரத்தில் தொடங்குவதைக் கவனியுங்கள். இரு மரபுகளும் மோனையை விடாதவை. பொருளைவிட மோனைதான் அந்தச் சொல்லை அங்கே பிடித்து வைத்திருக்கிறது என்பது எங்கள் கருத்து. மொழிபெயர்ப்பில் முதலில் மறைவதும் அதுவே.

ஏமாற்றும் சொற்களும் உண்டு. 'அல்தான்' புரியாத்தில் தங்கம், யாக்குத்தில் செம்பு! ஒலி ஒன்றென்று இரண்டையும் தங்கம் ஆக்கிவிடாதீர்கள். லத்தீன் எழுத்துப்பெயர்ப்பை நம்பினால் இன்னொரு சிக்கல்: புரியாத்தில் கறுப்பு, நிலவு இரண்டுக்குமான சொற்கள் தொடக்க மெய்யில் மட்டும் வேறுபடுகின்றன. சில எழுத்துப்பெயர்ப்புகளில் இரண்டும் ஒன்றாகிவிடும். சிரிலிக் எழுத்திலுள்ள மூலப்பாடம் பக்கத்தில் இருக்கும் பதிப்பே நம்பகமானது.

படிமங்கள் சொற்களைப் போல ஒத்துப்போவதில்லை. புரியாத் கதை, பாற்கடல் குட்டையாகவும் சுமேரு மேடாகவும் இருந்த காலத்தில் தொடங்கலாம். ஒலோங்கோ, கடந்த ஆண்டுகளின் முகட்டுக்கு அப்பாலிருந்து தொடங்கும். பகைவரும் வேறு: புரியாத்தின் மங்கத்கைக்குப் பல தலைகள், யாக்குத்தின் அபாசிக்குப் பெரும்பாலும் ஒரே கண், ஒரே கை, ஒரே கால். ஒரே கதையிலிருந்து பிரிந்தவை என்றால் எதிரியின் உருவத்திலாவது ஒற்றுமை தெரிந்திருக்க வேண்டும்.

கேள்வி: ஒலோங்கோவுக்குப் பக்கவாத்தியம் உண்டா? (வாசகர், ஜூரோங்)

பதில்: மரபில் கிடையாது. ஒரே கலைஞர் கதைப்பகுதியை விரைவாக ஓதுவார். பாத்திரங்கள் பேசும் இடங்களைப் பாடுவார். கேட்போர் 'நோ!' என்று குரல் கொடுத்து ஊக்குவிப்பார்கள். 2005இல் யுனெஸ்கோ இதை மானுடத்தின் வாய்மொழி மரபுச் சிறப்புகளில் ஒன்றாக அறிவித்தது.